வெறுங்கை ஓட்டம்

என் வேலை இதுதான்:
பந்து எனக்கு வருமென்று
முதலில் என் முழங்கால் நம்பவேண்டும்.
கைகளை நெஞ்சுக்கு முன்னால் விரித்து
யாரோ நீட்டும் கைப்பிள்ளையை வாங்கப் போகிறவன்போல
முழு வேகத்தில் ஓடவேண்டும்.
பந்து வராது.
அது என் முதுகுக்குப் பின்னால் போகும்,
வாகீசனுக்கு.

வாழைச்சேனை, காகித ஆலைக்குப் பக்கத்து வெளி.
செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி.
புல்லைவிட நெருஞ்சி கூட.
துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிவிட்டு வருவேன்,
விரல்கள் மரத்திருக்கும்.
"உனக்கென்ன, பந்து பிடிக்கிற வேலையா?"
என்பான் சுதர்மன்.
சிரிப்பார்கள். நானும்.

பார்தலட் கோச் நெருஞ்சிக்குள் குந்தியிருந்து
குச்சியால் கீறிக் காட்டுவார்:
உள்தோளைக் குறிவைத்து ஓடு.
வெளித்தோளில் உன் நகம் பட்டாலும் விசில்.
பந்தில்லாதவன் ஒருவனையும் மறிக்கக்கூடாது.
அவர்களின் வரிசைக்குள் புகுந்தால்
புகுந்த வேகத்தில் வெளியே போ.
நடுவில் நின்றாயோ,
நீ மனிசனில்லை, வேலி.
வேலிக்குப் பின்னால் ஓடிப் போட்ட ட்றை
செல்லாது.

எட்டு மாதம். பதினேழு ட்றை.
ஒன்றையும் நான் கண்டதில்லை.
கேட்டிருக்கிறேன்:
எனக்கு முன்னால் ஏமாந்தவன் நாக்கைக் கடிக்கும் "ச்சே",
மறுகா, ஆலை மதிலில் இருப்பவர்களின் கூச்சல்.
நான் கிறுகிப் பார்க்கும்போது
வாகீசன் தெரியமாட்டான்.
அவனுக்கு மேல் பத்துப்பேர் கிடப்பார்கள்.

ஓட்டமாவடிக்காரரோடு கடைசி ஆட்டம்.
பன்னிரண்டுக்குப் பத்து, நாங்கள் கீழே.
நாலு நிமிடம் மிச்சம்.
எனக்கு நேரே இஃப்லால்,
பாலத்தடியில் டயர் ஒட்டுகிறவன்,
லொறிச் சில்லைத் தனியே தூக்குகிறவன்.

ஓடினேன்.
அவன் என் கண்ணைப் பார்த்தான்.
சத்தியமாக நான் ஏமாற்றவில்லை,
அந்த நேரத்துக்கு
பந்து எனக்குத்தான்.
நம்பி, என் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தான்.
ஒரு கால் போதும்.
அவ்வளவு பெரிய ஆளை
ஒன்றுமில்லாத இரண்டு கையால் அசைத்திருந்தேன்.

அதோடு தாண்டிப் போயிருக்கவேண்டும்.

பின்னால் பந்து கைமாறிற்று.
வேர்த்த உள்ளங்கையில் பட்டென்ற சத்தம்.
இந்த ஒருமுறை பார்ப்போமே என்று
ஒள்ளுப்பம் நின்றேன்,
தலையைத் திருப்பினேன்.

வடிவு.
வலப்பக்கம் சரிந்து இடப்பக்கம் எழும்பி
அவன் என்னைக் கடந்த காற்றில்
என் சட்டை உடம்பைவிட்டு விலகி ஒட்டிற்று.
அவனுக்கு முன்னால் ஒருவருமில்லை.
நெருஞ்சிப் பூ மட்டும், மஞ்சளாய்,
கோடு வரைக்கும்.
இவ்வளவு நிலத்தையா
வாரா வாரம் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்?

அவனைத் துரத்த வெளிக்கிட்ட இஃப்லால்
என் முதுகோடு மோதினான்.
இரண்டு பேரும் விழுந்தோம்.

விசில்.
செங்கலடியில் கணக்குப் படிப்பிக்கிற றெஃபரி
கோட்டுக்குப் போகவில்லை, என்னிடம் வந்தார்.
இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுக் காட்டினார்.
தூரத்தில் வாகீசன்
பந்தை நிலத்தில் அழுத்தியபடி கிடந்தான்,
மேலே ஒருவரும் விழாமல்.

இஃப்லால் கை தந்து தூக்கினான்.
"பந்து உன்னிட்ட எண்டுதான் நினைச்ச, மச்சான்."
மன்னிப்புக் கேட்பவன்போலச் சொன்னான்.

மறுநாள் ஐஸ் கட்டி இறக்கும்போது
சுதர்மன் கேட்டான், "ஏன்டா நிண்ட நீ?"
கால் பிரண்டது என்றேன்.
அந்த எட்டு மாதத்தில் நான் சொன்ன ஒரே பொய்.
அதை ஒரு குஞ்சும் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை,
உள்ளங்காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்த வாகீசன்
தலை நிமிராமல்
மெல்லக் கேட்டான்:
"கண்டியா?"