மனை எண் பதினான்கு, கழிஞ்சூர்

சிமெண்ட் கடை பில்லின் பின்பக்கத்தில்
மூன்று வீடு வரைந்திருக்கிறேன்.
ஒன்றுக்குக் கல் ஒட்டிய நெற்றி,
சதுர அடி நூற்றெண்பது, கூலி தனி.
ஒன்றுக்கு டெக்ஸ்சர்,
உளுந்து வடையின் மேல்தோல் போல, ஐம்பத்தைந்து.
மூன்றாவதுக்கு வெறும் வெள்ளை.
விலை எழுதவில்லை. கூச்சம்.

"முன்னாடி மட்டும் பண்ணுங்க சார்,
மத்த மூணு பக்கத்த யார் பாக்கறா?"
பெயிண்டர் தணிகாசலம்.
விருதம்பட்டில் அவன் கை வைத்த எலிவேஷனுக்கு
திருஷ்டிப் பூசணி கட்டுமுன்னே
அட்வான்ஸ் வந்துவிட்டதாம்.

பொய்யில்லை.
வாங்க வருகிறவர் தெருவில் நிற்பது பத்து நிமிஷம்.
அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்
எஸ்தரின் நான்கு வளையல்
காட்பாடி அடகுக் கடையில் உட்கார்ந்திருக்கிறது.
விற்காத ஒவ்வொரு மாதமும்
வட்டி வந்து
ஒரு கோட் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு போகிறது.

யாரும் பார்ப்பதில்லை என்றால்
தெற்கு வீட்டு ஜன்னலில் நின்று
பல் துலக்குகிறாளே, அவள்?
முப்பது வருஷம் அவள் பார்க்கப்போவது
நான் பூசாமல் விட்ட செங்கல்லை.
எனக்கு ஒரு பைசா தரப்போவதில்லை அவள்.
இதையும் பில்லில் எழுதிப் பார்த்தேன்,
வரவா பற்றா தெரியவில்லை.

நேற்று ராத்திரி எஸ்தர் கேட்டாள்:
நாம இருக்கற வீட்டுக்கு வெளியே என்ன கலர்?
தோட்டப்பாளையம், ஒன்பது வருஷ வாடகை.
பச்சை என்றேன். மஞ்சள் என்றாள்.
செருப்பு மாட்டிப் போய்ப் பார்க்க
இருவருக்கும் சோம்பல்.

கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
பகலில் வாங்கிய வெயிலை
ராத்திரி வட்டியோடு திருப்பித் தருகிற மலைகள்
எங்கள் ஊரைச் சுற்றி.
மத்தியானம் மூன்று மணிக்கு வீடு பார்க்க வந்தார்
ஹவில்தார் குணசீலன், ரிட்டயர்டு, கணியம்பாடிப் பக்கம்.
கூடவே அவர் மனைவி.
கல் சாம்பிளைத் தெருவில் பரப்பி வைத்திருந்தேன்,
ஒரு சிவப்பு, ஒரு சாம்பல், ஒரு தேன்நிறம்.
அவர் குனிந்து தட்டிப் பார்த்தார்.
அந்தம்மாவைக் காணோம்.

மேற்குப் படுக்கையறையில் இருந்தார்.
உள்ளங்கையைச் சுவரில் வைத்து,
ஜுரம் பார்க்கிற மாதிரி.
பிறகு புறங்கையை.
"இது எத்தன மணிக்கு ஆறும்?"

பதினொரு வீடு கட்டி விற்றிருக்கிறேன்.
ஒன்றிலும் ஒரு ராத்திரி படுத்ததில்லை.

அன்றைக்குப் படுத்தேன்,
சிமெண்ட் சாக்கை விரித்து, சுவரை ஒட்டி.
எட்டு மணிக்குத் தொட்டேன். பத்துக்கு. பதினொன்றரைக்கு.
ஒன்றே கால் வரைக்கும் அது
என்னிடம் கோபித்துக்கொண்டவள் மாதிரி இருந்தது.
அப்புறம் ஜங்ஷனில் ஏதோ ரயில் கூவிற்று.
தூங்கிவிட்டேன், சரியான நேரம் சொல்ல முடியாது.

காலையில் பில்லைத் திருத்தினேன்.
கல் வேண்டாம், டெக்ஸ்சர் வேண்டாம்.
மேற்குக்கு இரட்டைப் பூச்சு,
ஜன்னல் மேல் சன்ஷேடு இன்னும் ஓரடி,
மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு.
தெற்குக்கும் பூச்சு, பற்று வரவு பார்க்காமல்.
நான்கு பக்கமும் ஒரே வெள்ளை.
கூட்டிப் பார்த்தால்
கல் நெற்றியைவிட எட்டாயிரம் குறைவு.
இரண்டு தடவை கூட்டினேன்.

தணிகாசலம் தள்ளி நின்று பார்த்தான்.
"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு சார்."
வேலூரில் அது
வசையா வாழ்த்தா, கேட்கவில்லை.

ஹவில்தார் இன்னும் போன் பண்ணவில்லை.
வட்டித் தேதி பன்னிரண்டு.
தெற்கு ஜன்னலில்
நேற்றிலிருந்து ஒரு நீலத் திரை.
வெள்ளை கண் கூசுதாம்.