வலையீயம்

இறக்கையின் அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி.
புள்ளிக்கு ஒரு விரலாகத் தாங்கிப் பிடித்தால்
வால் தாழ்ந்தது.
"மூக்குல கனம் பத்தாது" என்றான் ஜெபசிங்.
உவரியில் அவன் மச்சான்
கிழிந்த வலையிலிருந்து அறுத்துத் தந்த ஈயக்குண்டுகள்,
மூழ்குவதற்கென்றே வார்த்தவை,
எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாய் ஒட்டினோம்.
பதினேழாவதில்
விமானம் மட்டமாய் நின்றது.

பணகுடிக்குக் கிழக்கே வற்றிய குளம்.
பங்குனியில் கணவாய்க் காற்றுக்கு ஓய்வு,
காற்றாலைகள் சும்மா நின்றன.
எட்டடி இறக்கை, சாம்பல் பெயிண்ட்,
ரீஃபில் குழாயில் செய்த துப்பாக்கிகள்,
கண்ணாடிக்குள் இடுப்புவரைக்கும் ஒரு விமானி.

ஆடு பத்தி வந்தவர் கேட்டார்:
"யாரு மேல குண்டு போடப் போறிய?"
ஜெபசிங் பதிலுக்கு
வாலை ஆட்டிக் காட்டினான், வலது, இடது.
நான் பெட்ரோல் மூடியைத் திருகினேன்.

ஏறியது.
குளத்து மடையைச் சுற்றி, பனைகளுக்கு மேலே,
ஒரு பருந்து வழிவிட்டு விலகும் உயரத்தில்
எட்டு நிமிடம்.
இறக்கும்போது ஒரு கால் வந்தது.
மற்றது வரவில்லை.
மடக்கி இறக்கி, மடக்கி இறக்கி
அவன் கட்டைவிரல் வேர்த்தது.
"வயித்துல இறக்கு."
எஞ்சினை அணைத்தான்.
அப்போதுதான் ஆட்டு மணி கேட்டது.

வண்டல் வெடிப்புகளில் தேய்ந்து,
புரொப்பெல்லர் ஒடிந்து, நின்றது.
ஓடிப்போய் ஈயத்தை எண்ணினேன்,
எதற்கென்று தெரியவில்லை. பதினேழும் இருந்தன.

ஆட்டுக்காரர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.
"இவருக்குக் காலே இல்லியே."
"வச்சா கனம் கூடிரும்" என்றேன்.