ஐந்தாவது நிரல்

மார்கழி ஏழு, திங்கள், காலை எட்டு ஐம்பது.
ஒன்றையும் திறக்கவில்லை நான்.
கைப்பையைக் கதிரையில் மாட்டினேன்,
குடையை விரித்து மூலையில் காயவிட்டேன்,
பெட்டி சொன்னது:
நினைவகம் அறுபத்தொரு வீதம் பாவனையில்.

யாருடைய பாவனை?

மட்டக்களப்பில், நீர்ப்பாசனக் காரியாலயத்தில்
என் வேலை இதுதான்.
உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி,
நாலு குளத்திலிருந்தும் மூன்று மணிக்கொருக்கா
போன் வரும். அடி, அங்குலம்.
கேட்டதைக் கட்டத்தில் அடிப்பேன், பதிவேட்டிலும் எழுதுவேன்.
மழை கூடினால் மணிக்கொருக்கா.
இன்னும் கூடினால்
முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று
மேல்மாடியில் ஆட்கள் கூடுவார்கள்.
என் கட்டங்கள் அச்சாகிப் படியேறும்.
மாரியில் பெட்டியை இரவிலும் நிறுத்துவதில்லை.

பதினொரு மணிக்கு எழுபத்துநாலு.
பின்னேரம் எண்பத்துமூன்று.
உள்ளே காற்றாடி இரையத் தொடங்கியது.

பயந்தேன். போன மாதம்தான்
பக்கத்து மேசைப் பெட்டி பாதியில் உறைந்து
குகதர்சினி இரண்டு நாள் பதிவைத் திரும்ப அடித்தாள்,
ஒரு சொல் பேசாமல், விசைகளைக் குத்திக் குத்தி.

காத்தான்குடிக்கு, முஷர்ரபின் கடைக்கு எடுத்தேன்.
"எட்டு ஜீபீயா? எண்பத்துமூணா? வேலை நடக்குதா?"
நடக்குது.
"திறந்ததை மூடினா இறங்குதா?"
பார்க்கவில்லை.
"பாருங்க. சும்மா கிடக்கிற றாம்
காசு குடுத்து வாங்கின வெத்து இடம்.
திரும்பக் கேப்பீங்க எண்டு
கொஞ்சத்தை அது கையில வைச்சிருக்கும்,
வேற ஆள் கேட்டா விட்டுக் குடுக்கும்.
எண்பது பிழையுமில்ல, சரியுமில்ல.
உங்கட பெட்டிக்கு எது வழமை?
ஒரு கிழமை எழுதுங்க, மறுகா பேசுவம்."

வேறு கொப்பி இல்லை.
பதிவேட்டில் வாகனேரிக்கு வலப்பக்கம்
ஒரு நிரல் வெறுமையாய்க் கிடந்தது.
தலைப்புப் போடாமல் எழுதினேன்.
குளங்களைக் கேட்கிற நேரத்திலேயே
பெட்டியையும் கேட்டேன்.

வரைபடங்களைத் திறந்தால் ஏறியது.
மூடினால் இறங்கியது, முழுக்க அல்ல,
மழை விட்ட பிறகும் வட்டையில் நிற்கிற
கணுக்கால் தண்ணீர் மாதிரி.
அதை வெள்ளம் என்று யாரும் சொல்வதில்லை.
நெல் நிற்கிறது அதில்.

பின்னேரங்கள்: எண்பத்துமூன்று, எண்பத்துநாலு, எண்பத்துமூன்று.
நான் பயந்த எண் அசையவே இல்லை.

வெள்ளி காலைதான் இடப்பக்கம் பார்த்தேன்.
அறுபத்தொன்று.
அறுபத்துமூன்று.
அறுபத்தாறு.
அறுபத்தெட்டு.
எழுபது.
ஒன்றும் திறக்காத காலைகள்
ஒவ்வொரு படியாய் ஏறியிருந்தன.

பட்டியலை விரித்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
விரல்ரேகை வரவுப் பதிவு.
எட்டரைக்கு எல்லாரும் விரல் வைத்தபின்
அதற்கு நாள் முழுக்க வேலை இல்லை.
ஆனாலும் எடுத்ததைத் திருப்பித் தராமல்
ஒரு ஜீபீக்குக் கிட்டத் தின்றிருந்தது.

(இதற்கு மனசை உவமை சொல்ல நான் வரவில்லை.
அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
நான் சொல்வது ஒரு மென்பொருளை.)

நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன்.
ஐம்பத்தொன்பதில் வந்து நின்றது.

பின்னேரம் கையொப்பமிட வந்த பொறியியலாளர்
தெய்வேந்திரராஜா சேர்
ஐந்தாவது நிரலில் விரலை வைத்தார்.
"இது எந்தக் குளம்?
இரவில வத்துது, பகலில நிறையுது.
ஆர் கதவு திறக்கிறது?"
"குளம் இல்லை சேர். இது," என்று
மேசைக்குக் கீழே காட்டினேன்.
குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கொள்ளளவு?"
"எட்டு."
எட்டு என்ன என்று கேட்கவில்லை.
ஐந்து நிரலுக்கும் சேர்த்து ஒரே கையொப்பம் போட்டார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது.
போன் அடித்தது. உன்னிச்சை.
"முப்பத்தொரு அடி, நாலங்குலம்.
மார்கழிதானே, இது வழமை," என்றார் அங்கிருந்து.
எழுதினேன். வைக்கப் போனவரை மறித்துக் கேட்டேன்:

"விடியப்புறம் எவ்வளவு நிண்டது?
முந்தாநாள் விடியப்புறம்?"