அகச்சிவப்பு

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தீவில்
வியர்ப்பதற்கு முப்பத்தெட்டு வெள்ளி கட்டினேன்,
கூப்பன் கழித்து.
சொன்னால் சிரிப்பார்கள் என்று
வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னேன்.

பத்து மாவுங் மீன் கிடங்கில்
பன்னிரண்டு வருடமாக இறால் பெட்டி எண்ணுகிறேன்.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
இரண்டு கையுறை, மூன்று காலுறை,
கண் மட்டும் தெரிகிற தொப்பி.
எண்ணிக்கை தவறினால் திரும்பவும் ஒன்றிலிருந்து.
விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு வலிக்காது.
வலிக்காததுதான் பயம்.
போன வருடம் சட்டைப் பொத்தானைப் போட
பக்கத்து லாக்கர் நோர்ஹயாத்தியைக் கூப்பிட வேண்டியிருந்தது.
கூப்பனைக் கொடுத்தவளும் அவள்தான்.
"நீ போ. எனக்குப் பிரஷர்."

பர்மா சாலையில், சைவக் கடைக்கு மேல்மாடி.
ஹூய் லிங் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தாள்.
இதயத்தில் ஏதும் உண்டா? மாத்திரை? மயக்கம்?
காலையிலிருந்து எத்தனை குவளை தண்ணீர்?
கர்ப்பமா என்றும் கேட்டாள்.
ஐம்பத்தொரு வயதில் இப்படிக் கேட்கப்படுவதே
பாதி வைத்தியம்.

சுவரில் ஒரு பட்டியல்:
நஞ்சு இறங்கும், எடை இறங்கும், வயது இறங்கும்.
"எல்லாத்தையும் நம்பாதீங்க," என்றாள் தணிந்த குரலில்.
"முதலாளி ஒட்டினது.
தூக்கம் வரும், மூட்டு இளகும்.
அதுக்கு மேல எனக்குத் தெரியாது."
அந்த இடத்தில்தான் அவளை நம்பினேன்.

மரப்பெட்டி. ஓர் ஆள் உட்காரலாம்,
அலமாரிக்குள் ஒளிந்த மாதிரி.
நெருப்பில்லை, ஆவியில்லை, கரியில்லை.
முதுகுக்குப் பின்னால் கறுப்புத் தகடு,
எதுவும் செய்யாததுபோல.
சிவப்பாகத் தெரிவது வெறும் அலங்கார விளக்காம்,
சுடுவது கண்ணுக்குப் படாதாம்.
ஐந்து நிமிடம்
ஏமாந்துவிட்டேன் என்றே உட்கார்ந்திருந்தேன்.

தமிழில் அதற்கு அகச்சிவப்பு என்று பெயர்.
எஸ்.பி.எம்.மில் இலக்கியம் எடுத்தவள் நான்,
அகம் என்றால் சும்மா விடமாட்டேன்.
பாலைக்கு நண்பகல், பாலைக்கு வேனில் என்று
மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன்.
யாரும் சொல்லவில்லை,
பாலை உறைந்தும் கிடக்கும் என்று.
தினமும் கார்டு தட்டி
அதற்குள் நுழையலாம் என்று.

ஒன்பதாவது நிமிடம்
கழுத்துக்குப் பின்னால் ஒன்று நகர்ந்தது.
எறும்பு என்று தட்டினேன். ஈரம்.
பிறகு முழங்கை மடிப்பில், மார்புக்குக் கீழே,
காது மடலின் ஓரத்தில்.
புருவம் தாண்டிக் கண்ணில் கரித்தபோது
அழுகிறேனா என்று ஒரு நொடி சந்தேகம்.
இல்லை. எனக்கு அழுகை மூக்கிலிருந்து தொடங்கும்.
இது முதுகிலிருந்து.

வலது கையை மூடிப் பார்த்தேன்.
மூடியது.
நான்கு விரலும் உள்ளங்கையைத் தொட்டன,
கட்டைவிரல் மேலே வந்து படுத்தது.
திறந்தேன். மூடினேன்.
மீதி நேரம் முழுக்க அதே வேலை.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

வெளியே வந்தால் பன்னிரண்டு மணி வெயில்.
கேபிள் குழி தோண்டுகிற வங்காளதேசத்துப் பையன்
சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டான்.
நான் காசு கொடுத்து வாங்கியது
அவன்மேல் கொட்டிக் கிடந்தது.
அவனுக்கு அது வைத்தியமில்லை.
ஹூய் லிங் தந்த தண்ணீர் போத்தலை நீட்டினேன்,
மூடியை நானே திறந்து.

அன்றிரவு எட்டு மணி நேரம் தூங்கினேன்.
எந்தப் பக்கம் பல் வலி என்று காலையில் கேட்டார் இவர்.
கைக்கு வந்த பக்கத்தைக் காட்டினேன்.

திங்கட்கிழமை கதவு திறந்ததும்
வெண்புகை கணுக்காலைச் சுற்றியது.
பொத்தானை நானே போட்டிருந்தேன்.
முதல் மணி நேரம் கைக்குள் ஒரு சூடு இருந்தது.
இரண்டாவதில் பாதிவரை.
நூற்றுப் பதினேழாவது பெட்டியில்
சுண்டுவிரல் போயிற்று.
அடுக்குகளுக்கு அந்தப் பக்கமிருந்து நோர்ஹயாத்தி
எப்படி என்று சைகையில் கேட்டாள்.
கனத்த கையுறைக்குள்
மூடிக் காட்டினேன்.