சும்மா

ஒல்டன் ரயில் நிலையத்திலிருந்து நாலு நிமிட நடை.
அழைப்புமணியில் காவல்துறை என்று எழுதியிருக்காது,
பல் வைத்தியரின் பெயருக்குக் கீழே வெறும் எண்.
உள்ளே வெளிர்மஞ்சள் சுவர், இரண்டு நாற்காலி,
எனக்கு மூன்றாவது, சற்றுப் பின்னால்.
பொம்மை கிடையாது. கரடிக்குட்டி இருந்தால்
பிள்ளை கரடியோடு கதைக்கும்,
கரடி சாட்சி சொல்ல வராது.
ஒரு தாள். ஒரு பச்சைப் பென்சில்.
மூலையில் கமெரா;
அதைப் பிள்ளைக்குக் காட்டிவிடுவார்கள், ஒளிப்பதில்லை.

காலையில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறேன்.
அழைப்பு வந்தால் இரண்டு மொழிக்கு நடுவில் வந்து நிற்கிறேன்.
நிற்பது மட்டும்தான் வேலை.
தலையாட்டக் கூடாது. 'ஐயோ' கூடாது. 'கெட்டிக்காரி' கூடாது.
கண்ணைத் துடைக்கக் கூடாது,
அவளுடையதையும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன்.
அதிகாரி கேட்டது: அப்போது உனக்கு எப்படி இருந்தது?
நான் கேட்டது: அப்ப உமக்குப் பயமா இருந்ததுதானே?
தானே.
இரண்டெழுத்து. இரக்கத்தில் நழுவியது.
ஓம் என்றான். பெரியவர்கள் எது கேட்டாலும்
ஓம் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை.
வழக்கறிஞர் பதிவை வேறொரு தமிழருக்குப் போட்டுக் காட்டினார்.
அந்தத் 'தானே'யைப் பிடித்து இழுக்க
முழுப் பின்னலும் கழன்றது.
அவன் இப்போது எந்த வீட்டில் இருக்கிறான் என்று
எனக்குச் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இன்று வந்தவளைத் தர்மிகா என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஏழு வயது.
பள்ளிக்கூடம் முழுக்க டொச்சில் இருக்கிறது அவளுக்கு,
வீடு முழுக்கத் தமிழில்.
திருமதி நீடெர்ஹவுசர் தொடங்குகிறார்:
நான் அங்கே இருக்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது.
தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்.
நான் பிழையாகச் சொன்னால் திருத்து.
இதைச் சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது.
பெரியவரைத் திருத்து என்று
எந்தப் பிள்ளைக்கு நாம் தமிழில் சொல்லியிருக்கிறோம்?

பிறகு பனிச்சறுக்கப் போன நாளைக் கேட்கிறார்,
தொடக்கத்திலிருந்து, நினைவிருப்பதெல்லாம்.
டொச்சில் கொட்டுகிறாள்: தொலைந்த கையுறை,
கேபிள் காரில் வாந்தியெடுத்த லூக்கா, சூடான சொக்லேட்.
ஆற்றில் இறங்குமுன் காலை நனைக்கும் வேலை அது.

இன்றைக்கு இங்கே ஏன் வந்தாய் என்று சொல்.

மொழி மாறுகிறது. என் பக்கம் திரும்புகிறாள்.
"மாமா வந்தவர்."
எந்த மாமா என்று கேட்க வாய் துடிக்கிறது.
தாயின் தம்பியா, மாமியின் கணவரா,
சீட்டுக் காசு வாங்க வருபவரா,
தமிழில் கதவைத் தட்டும் ஆண்கள் எல்லாரும் மாமா.
கேட்பது என் வேலையில்லை.
மாமா என்றே கொடுக்கிறேன்,
உறவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று
பக்கத்தில் ஒரு குறிப்போடு.

பிறகு என்ன நடந்தது?

"சும்மா."

ஒன்றுமில்லை என்பதும் அதுதான்.
காரணமில்லாமல் என்பதும், விளையாட்டுக்கு என்பதும்,
இலவசம், வெறுங்கை, பேசாமல் இரு,
விடுங்கோ என்னை,
கேளாதேங்கோ.
எதைப் போட்டாலும் அவள் வாயில் நான் வைத்த சொல்.
பதினொரு விநாடி. பேர்ன் ரயில் போகிறது, கண்ணாடி நடுங்குகிறது.
அப்படியே கொடுத்தேன்: 'சும்மா' என்கிறாள்.

திருமதி நீடெர்ஹவுசர் உதட்டைக் குவித்து,
சூடான கரண்டியை ஊதுவதுபோல,
அந்த 'ஸூமா' பற்றி எனக்கு இன்னும் சொல், என்றார்.

தர்மிகா சிரித்தாள்.
"ஸூமா இல்லை. சும்ம்மா."
அவர் மறுபடி சொன்னார். மறுபடி பிழை.
மறுபடி திருத்தினாள்.
மூன்றாம் தரம் சொல்லிக்கொடுக்கும்போதே
வாக்கியம் நிற்காமல் நீண்டது:
"சும்மா எண்டு சொன்னது மாமா. நானில்லை."

அதன்பிறகு சொன்னவை இங்கே எழுதுவதற்கல்ல.
பதிவில் இருக்கின்றன, ஒரே முறை,
அவளை இன்னொரு தரம் கேட்காமல் இருப்பதற்காக.
நாற்பத்தொரு நிமிடம்.
என் பக்கத்திலிருந்து ஒரு 'தானே'கூட இல்லை.
எண்ணிப் பார்த்தேன்.

உனக்கு ஏதும் கேட்க இருக்கிறதா, என்றார் கடைசியில்.
தர்மிகா பச்சைப் பென்சிலைப் பார்த்தாள்.
"இதைக் கொண்டுபோகலாமோ?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்.
சொல்லவில்லை.
மொழிபெயர்த்தேன்.
பிறகு இருவரும் அவர் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.