ஈரப்பதம்

மன்னார்குடி மேலராஜவீதியில்
உரக்கடை மாடியில் இருக்கிறது என் கம்பெனி.
கீழே யூரியா மூட்டை. மேலே
மூன்று மேஜை, ஒரு இன்வெர்ட்டர்,
நானூற்றுப் பன்னிரண்டு வெப்சைட்.
சர்வர் மும்பையில் எங்கோ.
வசவு மட்டும் இந்த முகவரிக்கு வரும்.

திருடர்கள் ராத்திரி இரண்டே முக்காலுக்கு வருகிறார்கள்.
பூட்டை உடைப்பதில்லை. காசு கொடுக்கிறார்கள்.
கொடுக்கிற கையைச் சந்தேகப்பட
எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

மார்கரெட் என்று பெயர். ஒஹாயோவில் வீடு.
போன் நம்பர் பத்தும் ஒன்பது.
ஒரே மூச்சில் மூன்று வருஷத்துக்குக் கட்டினாள்,
தள்ளுபடி கேட்காமல்.
அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடிவதற்குள் ஏதோ ஒரு பேங்கின் முகத்தை
அப்படியே ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் எழுந்துவிட்டது.
முப்பதாம் நாள் நிஜ மார்கரெட் தன் பேங்கிடம் சொன்னாள்,
நான் வாங்கவேயில்லை என்று.
பணம் திரும்பிப் போனது, கூடவே
அபராதம் ஆயிரத்து முந்நூறு.
அந்த வாரம் நகைக்கடை மதியழகனின் மெயில் எல்லாம்
போன இடத்தில் குப்பையில் விழுந்தன.
மாடியேறி வந்து
செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

வரப்பில் நண்டு வளை.
இங்கே மிதித்து அடைத்தால்
நாலடி தள்ளிக் குமிழி விடும்.

பாக்கியநாதன் ஒரு சல்லடை வாங்கிப் பொருத்தினான்.
வருகிற ஒவ்வொருவருக்கும் மார்க் போடும்.
ஆள் ஒரு நாடு, கார்டு ஒரு நாடு: முப்பது.
நடுராத்திரி: இருபது.
எழுபதைத் தாண்டினால் தானே தள்ளிவிடும்.

எனக்கு எடமேலையூர் கொள்முதல் நிலையம் ஞாபகம் வந்தது.
தை மாதம் அண்ணன் நெல்லைக் கொட்டிவிட்டுக் கிடந்தான்.
பதினேழுதான் எடுப்பார்கள், மீட்டர் பத்தொன்பது காட்டியது.
நெல் எங்கள் நெல்தான்.
பனி பெய்ததற்கு யார் என்ன செய்ய?
தார்ப்பாயில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி
நாலு நாள் வெயிலைக் கும்பிட்டோம்.

வெண்ணெய்த்தாழி முடிந்த மறுநாள்.
வீதியில் இன்னும் வெண்ணெய் வழுக்கியது.
படியேறி வந்தவர் கையில் பாஸ்போர்ட்,
இன்னொரு கையில் தம்ரூட் டப்பா.
“நான்தாங்க அந்த மோசடி.”

கூத்தாநல்லூர் பக்ருதீன். புரூணையில் பரோட்டா மாஸ்டர்.
தங்கச்சி செய்கிற தம்ரூட்டை விற்க ஒரு சைட்.
சிங்கப்பூர் மச்சான் கார்டில்,
மாவு பிசையப் போகுமுன் பதிந்திருக்கிறார்.
அவருக்கு விடிகாலை, எங்களுக்கு நடுராத்திரி.
நாலு தடவை. நாலு தடவையும் எண்பத்தைந்து.
“ஏர்போர்ட்லகூட என்னைய இப்புடித் தள்ளுனதில்ல.”
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
பாக்கியநாதன் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தான்.
எனக்கு வரவில்லை.

எழுபதைத் தொண்ணூறாக்கினேன்.
பத்து நாளில் மூன்று மார்கரெட்.
மறுபடி இறக்கினேன்.

இப்போது தள்ளுவதில்லை, நிறுத்திவைக்கிறேன்.
தார்ப்பாயில் கிடக்கட்டும்.
விடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் போன் போடுவேன்.
பெரும்பாலும் மணியே அடிக்காது.

இன்று அடித்தது.
டோரத்தி என்று கார்டில் இருந்த பெயர்,
தூக்கம் கலைந்த கிழட்டுக் குரல்.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னேன்:
அம்மா, உங்கள் கார்டை யாரோ திருடியிருக்கிறார்கள்,
நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அவளுக்கு அங்கே நடுராத்திரி.
தெரியாத நாடு, தெரியாத நம்பர்,
கார்டைப் பற்றிப் பேசும் ஒரு பெண்.

“உங்களைப் போல ஆட்களை எனக்குத் தெரியும்.”
வைத்துவிட்டாள்.

கீழே உரக்கடை ஷட்டர் ஏறியது.
எனக்கு எவ்வளவு போட்டிருப்பாள் என்று
கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொண்ணூறுக்குக் குறையாது.