வீட்டில் யார்

ரொஹைசா மூன்றாம் முறையாகச் சொல்கிறாள்:
வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள்
கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், சரி.
அதனால்தானா?

நொவீனா, ஒன்பதாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே மழை.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை
எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
இங்கே பனை ஏது,
மைனா என்று வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

மைனாவை விசாரிப்பவள் அவள்.
அது உட்காராமலே இருந்திருந்தால்?
வயது, சர்க்கரை, இதயம், மூவறை வீடா ஐந்தறையா
எல்லாம் ஒத்த இருவரைத் தேடிப் பிடித்து
ஜாதகம் பார்ப்பதுபோல் பொருத்தம் பார்க்கிறாள்.
பத்துக்கு ஒன்பது பொருந்தியும் அவளுக்குத் தூக்கமில்லை.
இரவு பத்து மணிக்குத் திரவப் பையைத் தூக்கி மாட்ட
வீட்டில் யார் இருந்தார்கள்
என்றொரு பத்தி எந்தத் தரவிலும் இல்லை.
மகளா, பணிப்பெண்ணா, ஒருவருமில்லையா.
வாழவைத்தது குழாயா, அந்தக் கையா?

நான் கூடை வைப்பவன்.
வியாழக்கிழமை குழு கூடுகிறது.
அடுத்த பழம் எங்கே விழும், கூடை என்ன விலை,
அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.
என் கோப்பில் ஆயிரம் பேர்,
எல்லோருக்கும் அறுபத்திரண்டு வயது, பெயரில்லை.
ஆண்டுக்கொரு முறை கட்டம் மாறுவார்கள்:
வீடு, மையம், மருத்துவமனை, இறப்பு.
இறப்பிலிருந்து இறப்புக்குப் போகும் வாய்ப்பு: ஒன்று.
அந்த ஓர் எண்ணுக்கு மட்டும்
இதுவரை யாரும் சான்று கேட்டதில்லை.

உன் எண்ணைக் கொடு என்றேன்.
"புள்ளி எட்டு ஒன்று. ஆனால்..."
ஆனாலை எந்தக் கட்டத்தில் போடுவது?
அவள் சிரிக்கவில்லை. "அகலமாகப் போடு."
புள்ளி ஆறிலிருந்து ஒன்றைத் தாண்டியும் போட்டேன்.
பத்தாயிரம் முறை ஓட்டியதில்
கொசுக்கூட்டமாய்ப் புள்ளிகள்.
கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

இரவு எங்கள் புளோக் மின்தூக்கியில்
பள்ளிச் சீருடை கசங்கிய ஒரு பையன்,
தள்ளுவண்டியில் ஐந்து அட்டைப்பெட்டி.
பெட்டிமேல் அச்சிட்டிருந்த பெயர்
என் விலைப்பட்டியலில் பதினான்காம் வரி.
அவன் எட்டை அழுத்தினான்.
சக்கரம் விளிம்பில் மாட்டிக்கொள்ள
கதவு மூடாமல் பொத்தானைப் பிடித்திருந்தேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

காலையில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்,
வரம்புகள் என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி சேர்த்தேன்.
ரொஹைசா அதை வெட்டி
முதல் பக்கத்தில் ஒட்டினாள்.
வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.